புளி போட்டுத் தேய்த்த தகடு

மீன் பிடிக்கிற நயினார் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால் திண்டிவனத்துப் பக்கம் யாரும் நம்பமாட்டார்கள். நேமிசந்திரனுக்கு அதுவே பெரிய வசதியாக இருந்தது.

மல்லாட்டை வியாபாரம் அவனுக்கு, வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர். பிரம்மதேசம் போகிற வழியில் சொந்த நிலம், சொந்தக் களம், களத்தை ஒட்டி அப்பா கட்டிய வீடு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் அவனும் தங்கை ரத்னமாலாவும்தான். நயினார் என்றாலே சமணக் குடும்பம், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறவர்கள். பொழுது சாய்ந்தால் அடுப்பு எரியாது. விட்டில் வந்து விழுந்து செத்துவிடப் போகிறதே என்று விளக்கைக்கூடச் சீக்கிரம் அணைத்துவிடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை கைக்குத் தூண்டில் வந்தது பாண்டிச்சேரியிலிருந்து.

வெள்ளைக்காரர்கள் பாண்டிச்சேரியை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. எண்ணெய்க்கு மல்லாட்டை வாங்குகிற இடத்தில் ஒரு பிரெஞ்சு துரை இருந்தார். மூட்டையில் மண் கலக்காத வியாபாரி என்று நேமிசந்திரன்மேல் அவருக்குப் பிரியம். கப்பல் ஏறுவதற்கு முன்னால் கூப்பிட்டு, மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற மூங்கில் தூண்டிலும், நூல் சுற்றிய சக்கரமும், ஒரு தகர டப்பாவும் கொடுத்தார். டப்பாவுக்குள் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றும் வேப்பிலை அளவு இருக்கும். ஒரு கம்பியில் தகட்டைக் கோத்து, கம்பியின் வாலில் ஒன்றாகச் சேர்ந்த மூன்று முள் வைத்திருந்தது. தண்ணீரில் வீசி இழுத்தால் தகடு கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பளபளக்கும். குட்டி மீன் ஓடுகிறது என்று நினைத்துப் பெரிய மீன் வந்து கவ்வும். துரை அதற்கு அவர் பாஷையில் ஒரு பேர் சொன்னார். நேமிசந்திரன் வாயில் அது தகடு ஆகிவிட்டது.

வேறொரு நயினாராக இருந்தால் சிரித்தபடி வாங்கிவந்து பரணில் போட்டிருப்பார். நேமிசந்திரன் யோசித்தான். யோசிக்கத் தெரிந்தவனுக்கு எதற்குத்தான் வழி கிடைக்காது? இதற்குப் புழு வேண்டாம். புழுவுக்காக மண்ணைத் தோண்ட வேண்டாம். இரை என்று ஒரு உயிரும் சாகப்போவதில்லை. பிடிக்கிற மீனைத் தின்னப்போவதில்லை, விற்கப்போவதில்லை. முள்ளைக் கழற்றி மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிட்டால், வந்த உயிர் வந்தபடி போய்விடுகிறது. இதில் கொலை எங்கே இருக்கிறது? பாவம் எங்கே இருக்கிறது? கணக்குச் சரியாக வந்தது. தனக்குத்தானே போடுகிற கணக்கு யாருக்குத்தான் தப்பாக வந்திருக்கிறது.

பெரிய ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழியும்போது அவன் நிலத்தின் ஓரமாக ஒரு ஓடை ஓடும். தாண்டிக் குதித்துவிடலாம் போன்ற ஓடைதான், ஆனால் நாணல் மறைப்பில் அங்கங்கே மடு உண்டு. களத்து மேஸ்திரி மாரியப்பன் மட்டும் தூண்டிலைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கூட வருவான். வாயைத் திறக்கமாட்டான். அவன் வாயை மூடிவைக்கிற அளவுக்கு நேமிசந்திரன் அவனை நன்றாக வைத்திருந்தான்.

முதல் மழைக்காலத்தில் ஒன்றும் சரியாக அகப்படவில்லை. அடுத்த மழைக்காலத்தில்தான் நேமிசந்திரன் ஒன்றைக் கண்டுபிடித்தான். விரால் மீன் குஞ்சு பொரித்தால் மற்ற மீன்களைப்போல விட்டுவிட்டுப் போகாது. செக்கச்செவேலென்று குங்குமத்தைத் தண்ணீரில் கொட்டினாற்போலக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும். தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிற்கும். அந்தச் சிவப்புக்கு நடுவில் தகட்டை வீசினால் போதும். பசியே இல்லாவிட்டாலும் பாய்ந்து கவ்வும். குஞ்சைத் தின்ன ஏதோ வந்துவிட்டது என்று அதற்குக் கோபம். தவறவே தவறாது.

அதன் பிறகு நேமிசந்திரன் சிவப்பைத் தேடித்தான் போனான். கவ்விய விரால் நூலை இழுத்துக்கொண்டு மடுவைக் கலக்கும்போது அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். வியாபாரத்தில் அது இல்லை, கோயிலில்கூட அது இல்லை. களைத்துப்போன மீனைக் கரைக்கு இழுத்து, ஈரத்துணியால் பிடித்து, முள்ளைக் கழற்றுவான். மூன்று முள் ஆயிற்றே, ஒன்று வந்தால் ஒன்று வராது. சிலசமயம் செவுள் வரைக்கும் போய் மாட்டியிருக்கும். கொஞ்சம் கிழிக்கத்தான் வேண்டியிருக்கும். பிறகு இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டு, "பொழைச்சுப் போ" என்பான். உரக்கவே சொல்வான். அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வரும். இதற்குள் அந்தப் பக்கம் காவல் இல்லாத குஞ்சுகளைக் கெண்டையும் தவளையும் வழித்துக்கொண்டிருக்கும். ஒருதரம் அதை அவன் பார்த்தான். கெண்டை செய்கிற பாவம் கெண்டைக்கு என்று திரும்பி நின்றுகொண்டான்.

தகடு சீக்கிரம் கறுத்துவிடும். கறுத்த தகட்டுக்கு மீன் வராது. அவன் முள்ளைக் கழற்றி வைத்துவிட்டு, தகட்டையும் கம்பியையும் ரத்னமாலாவிடம் கொடுப்பான். "துரை குடுத்த கடிகாரத்துச் சாமான்மா. கறுக்க விடாதே" என்று சொல்லியிருந்தான். அவள் பூஜைப் பாத்திரம் தேய்க்கும்போது அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, தங்கம்போல ஆக்கிக் கொடுப்பாள். ஒரு தகட்டின் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு வடு இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகவில்லை என்று அவளுக்குக் குறை.

ரத்னமாலாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாத பெண்ணுக்கு வரன் தேடுவது லேசில்லை. கடைசியில் செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையனின் தகப்பனார் அனந்தராஜ் அந்த வட்டாரத்திலேயே பெரிய விரதக்காரர். நடக்கும்போது எறும்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் காலை வைப்பார், அதில் வேஷம் கிடையாது. "வசதி எங்களுக்கு முக்கியமில்லே. உயிருக்கு இரங்குற குடும்பமா இருந்தா போதும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். நேமிசந்திரனுக்கு இந்தச் சம்பந்தம் எப்படியாவது முடியவேண்டும். அம்மா சாகும்போது தங்கையின் கையை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். தங்கைமேல் அவனுக்கு உயிர்; அதில் பொய் இல்லை.

ஐப்பசி கடைசியில் நிச்சயதாம்பூலம் வைத்தார்கள். கூடத்தில் ஜமக்காளம் விரித்து அனந்தராஜும் அவர் பக்கத்து மனிதர்களும் உட்கார்ந்திருந்தார்கள். தாம்பூலத் தட்டு நடுவில் வந்துவிட்டது. இன்னும் கை மாறவில்லை. அப்போதுதான் வாசலில் குப்பம்மாள் வந்து நின்றாள்.

குப்பம்மாள் ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிசையில் இருக்கிறவள். புருஷன் இல்லை. களை எடுக்கக் கூப்பிட்டால் போவாள். மல்லாட்டை பிடுங்கி முடிந்த கொல்லைகளில் மண்ணைக் கிளறி விட்டுப்போன காயைப் பொறுக்குவாள். அந்தப் பக்கத்தில் அதை யாரும் தடுப்பதில்லை, ஏழைகளுக்கென்று விட்ட காய் அது. அவள் இடுப்பில் ஒரு முறம், முறம் நிறையக் கழுவிய மல்லாட்டை.

"சாமி, ஊட்டுல நல்ல காரியம்னு சொன்னாங்க. வெறுங்கையோட வரலாமான்னு நாலு மல்லாட்டை பொறுக்கிக்கினு வந்தேன்" என்றாள்.

"அப்பால வா, இப்பப் போ" என்றான் மாரியப்பன்.

"இருப்பா. தாயி தகப்பன் இல்லாத புள்ளைங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்." அவள் கூடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "சம்பந்தி ஊட்டுக்காரங்களா? நல்ல எடத்துலதாங்க பொண்ணு எடுக்குறீங்க. இந்தச் சாமி இல்லன்னா எம்பொண்ணு கோவிந்தம்மா இன்னிக்கு இல்ல. புள்ளய பெத்துப்போட்டுட்டு ஒடம்புல பொட்டு ரத்தம் இல்லாம கெடந்தா. விரால் சாறு குடுத்தாத்தான் தேறுவான்னாங்க. விராலுக்கு நான் எங்க போவேன்? சாமிதான் குடுத்துச்சு."

அனந்தராஜ் நிமிர்ந்தார். "என்ன கொடுத்தார்?"

"மீனுங்க. அவங்க கையால எடுத்துக் குடுக்கக் கூடாது இல்லைங்களா? அதனால ஓடையில புடிச்சு, வாயைக் கிழிச்சு, தண்ணியிலயே வுட்டுரும். அதுவும் அரை உசுரா வந்து பாலத்தாண்ட ஒதுங்கும். நான் ஊத்தாக் கூடைய போட்டு எடுத்துக்குவேன். 'பொழைச்சுப் போ'ன்னு சத்தமா சொல்லித்தான் வுடும். மீனைப் பாத்தா சொல்லும்? எங்களைப் பாத்துத்தான் சொல்லுது. எனக்குத் தெரியாதா?" அவள் முறத்தை முன்னால் நீட்டினாள். "இப்ப பேரனுக்குப் பால் ஊறுது சாமி. அந்தப் புண்ணியம் உங்க தங்கச்சிக்கு வரட்டும்."

கூடத்தில் வெற்றிலை மடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. தான் விட்ட மீனையெல்லாம் இவள் பொறுக்கித் தின்றிருக்கிறாள் என்பதும், அதைத் தான் போட்ட பிச்சை என்று நினைத்திருக்கிறாள் என்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக நேமிசந்திரன்மேல் வந்து மோதின. உள் கதவோரம் ரத்னமாலாவின் புடவைத் தலைப்பு தெரிந்தது. தட்டு இன்னும் நடுவில்தான் இருந்தது.

அவன் பொய் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. மாரியப்பன் பக்கம் திரும்பி ஒரு கேள்விதான் கேட்டான்.

"மாரியப்பா, களத்துல மல்லாட்டை காணாமப் போவுதுன்னு சொன்னியே. இவதானா?"

களத்தில் ஒரு காய்கூடக் காணாமல் போனதில்லை. அது மாரியப்பனுக்குத் தெரியும். அவன் எஜமான் முகத்தை ஒருதரம் பார்த்தான், முறத்தை ஒருதரம் பார்த்தான். நன்றாக வைத்திருக்கப்பட்டவன் அல்லவா.

"ஆமாங்க நயினாரே. இவளேதான். முறத்தோட நிக்கிறா பாருங்க. மாட்டிக்கினா மீனு கீனுன்னு இன்னா வேணா ஒளறுவா."

"இன்னா சொல்றே மாரியப்பா? நீதானே சாக்கு தூக்கிக்கினு..." என்று குப்பம்மாள் ஆரம்பித்தாள். மாரியப்பனின் கை அவள் வாயில் விழுந்தது. முறம் சிதறியது. மல்லாட்டை கூடத்து வாசற்படி வரைக்கும் உருண்டு வந்தது. இரண்டாவது அடியில் அவள் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. களத்து ஆட்கள் ஓடிவந்து தலைமயிரைப் பிடித்தார்கள்.

"ஐயோ, அடிக்காதீங்க" என்று அனந்தராஜ் பதறி எழுந்தார். "தம்பி, அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க. திருடினா என்ன, உயிர் இல்லையா?"

நேமிசந்திரன் வாசலுக்கு வந்தான். "அடிக்காதீங்கடா. விட்டுடுங்க" என்றான். வழக்கமான வார்த்தை வாயில் தயாராக இருந்தது, தானாக வந்துவிட்டது. "பொழைச்சுப் போகட்டும்."

அதைக் கேட்டதும் குப்பம்மாள் அழுகையை நிறுத்தினாள். கிழிந்த வாயோடு அவனையே பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

அனந்தராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "திருடினவளைக் கையில வச்சுக்கிட்டு விட்டுடச் சொல்ற மனசு எத்தனை பேருக்கு வரும்?" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார். அவர் கையாலேயே தாம்பூலத் தட்டை எடுத்து நேமிசந்திரன் கையில் கொடுத்தார். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

திருடி என்று நயினார் வீட்டு வாசலில் பேர் வாங்கியவளை எவன் கொல்லையில் இறங்க விடுவான்? களைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். காய் பொறுக்கப் போனால் கல்லை எடுத்தார்கள். ஓடைப் பக்கம் அவள் காலை வைக்கக்கூடாது என்று மாரியப்பன் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். யாரும் சொல்லச் சொல்லவில்லை, அவனாகவே செய்தான். அப்படிப்பட்ட ஆட்கள் கிடைப்பது எஜமான்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். நேமிசந்திரன் விசாரிக்கவில்லை. சாப்பிடும்போது சிலநாள் அவள் பார்த்த பார்வை நினைவுக்கு வரும். தங்கைக்கு எடுத்த பட்டுப்புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொள்வான், சரியாகிவிடும்.

கல்யாண வேலையில் மனசு பரபரப்பாக இருந்தது. பரபரப்பு வந்தால் ஓடைக்குப் போனால்தான் அவனுக்கு அடங்கும். மார்கழியில் கலங்கல் மெலிந்து ஓடை நிதானமாக ஓடியது. மூன்றாவது மடுவில் பெரிய சிவப்பு ஒன்று திரண்டிருந்தது. வீசினான். தாய் விரால் கவ்வியது, இழுத்தான், விட்டான். தகப்பன் விரால் கவ்வியது. அது பெரிய மீன். நூலை அறுத்துக்கொண்டு தகட்டோடு போய்விட்டது. ஓரத்தில் வடு இருந்த தகடு. அன்றைக்கு முழுக்க அவனுக்கு அது ஒரு பேஜாராக இருந்தது. "கடிகாரத்துச் சாமான் ஒண்ணு தொலைஞ்சுபோச்சும்மா" என்று ரத்னமாலாவிடம்கூடச் சொன்னான். அதற்குப் பிறகும் அவன் போவதை நிறுத்தவில்லை. வேறு தகடு மாட்டிக்கொண்டு கிடைத்த பொழுதெல்லாம் போனான்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில் மாரியப்பன் ஓடிவந்தான். "நயினாரே, பாலத்தாண்ட கொஞ்சம் வாங்க. நாத்தம் தாங்கல."

போய்ப் பார்த்தான். பாலத்துக் கண்வாயில் நாணல் மறித்து நிற்கிற இடத்தில் விரால்கள் வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு அல்ல. சிலது உப்பி, சிலது நண்டு தின்று பாதியாக. ஒவ்வொன்றின் வாயும் கிழிந்திருந்தது. சிலதுக்குச் செவுள் பிய்ந்து தொங்கியது.

நேமிசந்திரன் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாம் அவன் விட்ட மீன். பிழைத்துப் போ என்று சொல்லிச் சொல்லி விட்ட மீன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லையா? முன்பெல்லாம் ஏன் ஒன்றும் மிதக்கவில்லை? ஏனென்றால் முன்பெல்லாம் அவன் கொன்றதை ஒருத்தி கூடையைப் போட்டு அள்ளிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அவளைத் துரத்திவிட்டார்கள். அவன் பண்ணியது இப்போது ஊர் பார்க்க மிதக்கிறது. தன் கையை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து ஒரு உயிரையும் கொல்லாத கை என்று நம்பிக்கொண்டிருந்த கை. அழுகை வந்தது, உண்மையாகவே அழுதான்.

அழுது முடித்ததும் அவனுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு அனந்தராஜ் வீட்டு வண்டிகள் இந்தப் பாலத்தின் மேல்தான் வரவேண்டும். குனிந்து பார்த்துப் பார்த்துக் காலை வைக்கிற மனிதர் அவர். இந்த வாய்களைப் பார்த்தால் குப்பம்மாள் சொன்னது முழுக்க அவருக்குத் திரும்ப ஞாபகம் வரும்.

இந்தத் தடவையும் அவன் பொய் சொல்லவில்லை. பாலத்தடியில் இரண்டு மூன்று பேர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி ஒரு கேள்வி கேட்டான்.

"ஏன் மாரியப்பா, தண்ணியில கள்ளிப்பால் கலந்தா மீன் இப்படித்தான் மிதக்குமோ?"

மாரியப்பனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "யாரு கலந்திருப்பான்னு எனக்குத் தெரியும் நயினாரே. ஓடைக்கு வராதேன்னு சொன்ன காந்தல் அவளுக்கு" என்றான்.

மாடு குடிக்கிற தண்ணீர். ஊர் பற்றிக்கொள்ள வேறென்ன வேண்டும். உச்சிவெயிலுக்குள் குப்பம்மாளின் குடிசையைப் பிரித்துக் கூரையை இழுத்துப் போட்டுவிட்டார்கள். ஊத்தாக் கூடையைக் காலால் மிதித்து நொறுக்கினார்கள். "எந்தக் கள்ளி, எந்தப் பாலு? யாராவது பாத்தீங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் பார்க்கவில்லைதான், அதனால் என்ன? கோவிந்தம்மாள் கைக்குழந்தையை மாராப்புக்குள் மறைத்துக்கொண்டு வேலி ஓரமாக நின்றாள். ஒரு கேப்பைப் பானையை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார்கள். இரண்டு பெண்களும் விழுப்புரம் ரோட்டைப் பிடித்து நடந்தார்கள். நேமிசந்திரன் களத்தில் நின்று அவர்கள் போவதைப் பார்த்தான். அடிக்கக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தான். யாரும் அடிக்கவில்லை. அந்த மட்டில் மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

மாரியப்பன் மீன்களை வாரிக் கரையில் குவித்துவிட்டுக் குழி வெட்ட மண்வெட்டி எடுத்துவரப் போனான். ரத்னமாலா கோயிலுக்குப் போய்விட்டு அந்த வழியாகத் திரும்பி வந்தாள். நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தாண்டியவள், வெயிலில் எதுவோ மின்னுவதைப் பார்த்து நின்றாள். குவியலில் இருந்ததிலேயே பெரிய மீன் அது. வாய்க்குள் மூன்று முள் குத்தியிருந்தது. முள்ளுக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு, ஓரத்தில் ஒரு வடு. அவள் விரலுக்கு அந்த வடு நன்றாகத் தெரியும்.

இதுவரைக்கும் மீன் என்பதைத் தொட்டே அறியாத பெண். அங்கேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் மீன் வாயைப் பிளந்து, அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டாள். முந்தானையில் முடிந்து வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பாலத்திலிருந்து பார்த்தால் விழுப்புரம் ரோடு நேர்கோடாகத் தெரியும். போய்க்கொண்டிருந்த குப்பம்மாளையும் மகளையும் அவள் அங்கிருந்தே கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பெட்டிக்குள் பட்டுப்புடவை மடித்து வைத்திருந்தது. அவள் கூப்பிடவில்லை.

தை பிறந்தது. கல்யாணம் குறையொன்றுமில்லாமல் நடந்தது. ஓடைப் பாலத்தில் அனந்தராஜ் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்தாராம். சம்பந்தி ஊர்த் தண்ணீருக்கு மரியாதை. தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது மாரியப்பன் உக்கிராண அறைக்கு வந்து நேமிசந்திரன் காதோரம் குனிந்தான். உள்ளே பழத்தட்டு எடுக்க வந்த ரத்னமாலா மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நிற்பதை இருவரும் பார்க்கவில்லை.

"விழுப்புரம் ஸ்டேஷன்ல குப்பம்மாளைப் பாத்ததா நம்ம வண்டிக்காரன் சொல்றான். பொண்ணுக்குப் பால் வத்திப்போச்சாம். குழந்தை பிளாட்பாரத்துலயே செத்துப்போச்சாம்."

நேமிசந்திரன் சர்க்கரை மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினான். "நாம ஒண்ணும் பண்ணலையே மாரியப்பா" என்றான்.

"இல்லைங்க நயினாரே."

மத்தியானம் பெண்ணை அனுப்பி வைக்கிற நேரம் வந்தது. பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேர்ந்து சாப்பிட்டாக வேண்டும் என்று அனந்தராஜ் அவசரப்பட்டார். ரத்னமாலா வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள். கையில் அந்தத் தகர டப்பா இருந்தது.

"உன் கடிகாரத்துச் சாமான்ணா. எல்லாத்தையும் தேய்ச்சு வச்சுட்டேன். இனிமே நீயேதான் தேய்ச்சுக்கணும்."

அவன் டப்பாவை வாங்கிக்கொண்டான். கல்யாணப் பரபரப்பிலும் இதை நினைத்திருக்கிறாளே என்று உருகிப்போனான். அம்மா இல்லாத பெண்ணை நல்லபடியாகக் கரையேற்றிவிட்டோம் என்ற நிறைவில் அவள் தலையில் கையை வைத்தான். "போய் நல்லா பொழைச்சுக்கோம்மா" என்றான்.

அவள் தலையை மெல்ல விலக்கிக்கொண்டாள். "தொலைஞ்சுபோச்சுன்னியே, அதுவும் உள்ளேதான் இருக்கு" என்றாள்.

அவன் டப்பாவைத் திறந்தான். தகடுகளுக்கு நடுவில், ஓரத்தில் வடு இருந்த தகடு, புதுத் தங்கம்போல மின்னிக்கொண்டு கிடந்தது. மற்றவற்றுக்கு முள் இல்லை. இதன் வாலில் மட்டும் மூன்று முள்ளும் இருந்தன. முள்ளையும் அவள் விட்டுவைக்கவில்லை, புளி போட்டுத் தேய்த்திருந்தாள்.

"எங்கேம்மா கிடைச்சுது?" என்று கேட்டான்.

"நீ பொழைச்சுப் போன்னு விட்டியே, அந்த மீன் வாயிலதான்" என்றாள் ரத்னமாலா.

அனந்தராஜ் வண்டியிலிருந்து குரல் கொடுத்தார். அவள் போய் ஏறிக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டும் வரைக்கும் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. புகுந்த வீட்டில் அவள் இதைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவுமில்லை, பிறந்த வீட்டுக்கு மறுபடி வரவுமில்லை. நேமிசந்திரன் டப்பாவை மூடக்கூட மறந்து வாசலிலேயே நின்றான். உள்ளே பந்தியில் யாரோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.